ஓடைத் தெரு குடியிருப்போர் குழு, கோத்தகிரி

*செயலாளர், காலை 7:40*
சோலைப் பக்கமிருந்து வரும் நம் ஓடையின் மேல் சாய்ந்துள்ள இலைகளில் வெள்ளை நுரை ஒட்டியிருப்பதைப் படத்தில் காணலாம். மேலே உள்ள விடுதியின் சோப்புத் தண்ணீர் என்றே கருதுகிறேன். மாலையில் புதரை வெட்டிப் பிளீச்சிங் பவுடர் தூவ ஆள் சொல்லியிருக்கிறேன்.

*டீச்சரம்மா, 7:52*
சார், அந்த வேலையைத் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். சோப்பு நுரை நீரில் மிதக்குமே தவிர, நீருக்கு ஒரு முழம் மேலே இலையைப் பற்றிக்கொண்டு நிற்காது. இது மரத்தவளையின் நுரைக்கூடு. பெண் தவளை தன் உடலில் சுரக்கும் திரவத்தைப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடுகிறது. உள்ளே காயாமல் வளர்ந்து பொரிந்த தலைப்பிரட்டைகள் கீழே ஓடும் நீரில் விழுகின்றன. கிளையை வெட்டினால் கூடு போகும். பிளீச்சிங் பவுடர் கலந்தால் நீரிலுள்ள தலைப்பிரட்டைகளும் பிழைக்கா.

*கீழ்வீட்டுத் தம்பி, 8:05*
எந்த வகைத் தவளை, டீச்சர்?

*டீச்சரம்மா, 8:19*
கூட்டை மட்டும் பார்த்து உறுதி சொல்ல முடியாது, தம்பி. ஆனால் நம் மலை ஓடைகளில் இவ்வாறு கூடு கட்டும் கேட்டிக்ஸாலஸ் வேரியாபிலிஸ் என்ற மரத்தவளை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யூ.சி.என்.) சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனமாக இடம்பெற்றது. 1853-இல் ஜெர்டன் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் நீலகிரியிலிருந்து விவரித்த இனம் அது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, பழனி மலையில் வாழும் அதன் உறவினம் 2008-இல்தான் தனிப்பெயர் பெற்றது. குளிர்ந்த மேட்டு நிலத்தை விட்டு இறங்கிக் கணவாயைக் கடக்க இயலாத இவற்றுக்கு, சோலை தேயிலையாகவும் யூக்கலிப்டஸாகவும் மாறிய பிறகு எஞ்சியிருப்பவை இத்தகைய ஓடைக்கரைகளே.

*மாடிவீட்டுத் தாத்தா, 8:31*
புதரை விட்டுவைத்தால் டெங்குக் கொசு பெருகாதா, அம்மா?

*டீச்சரம்மா, 8:36*
ஓடும் நீரில் அந்தக் கொசு முட்டையிடாது, ஐயா. நம் மொட்டைமாடி டிரம்களை மூடுவதே அதற்கு வழி. (என் வீட்டு டிரம்மும் அதில் சேர்த்திதான்.) சருகையும் கூட்டி எரிக்க வேண்டாம், சில புதர்த்தவளைகள் ஈரச் சருகிலேயே முட்டையிடும், அவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை, முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை வெளிவரும்.

*செயலாளர், 8:50*
ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இருப்பினும் விடுதியின் கழிவுநீர் எங்கே போகிறது என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஞாயிறு காலை யாரேனும் இருவர் என்னுடன் மேலே வாருங்கள்.

*கீழ்வீட்டுத் தம்பி, 8:53*
நான் வருகிறேன், சார். கூட்டுக்குப் பக்கத்துக் கிளைகளைத் தொடாமல் மேல்கரை வழியாகப் போகலாம்.