ஒக்டோபர் 31க்கு பிள்ளை என்ன வாசிக்கிறது? பண்டாரவன்னியன்ர நாள் எது?

குளக்கட்டு_ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். எங்கட பள்ளிக்கூடத்தில காலமைப் பிரார்த்தனை முடிய ஒரு பிள்ளை முன்னுக்கு வந்து "வரலாற்றில் இன்று" எண்டு மூண்டு நிமிசம் வாசிக்கிறது. வாற ஒக்டோபர் 31 எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒண்டின்ர முறை. அவ தாயின்ர போனில தேடி ரெண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திட்டா. இந்திரா காந்தி சுடப்பட்டது 1984, சர்தார் பட்டேல் பிறந்தது 1875, கவிஞர் கீட்ஸ் பிறந்தது 1795, கிறிஸ்தவ சமயச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூதர் தேவாலயக் கதவில தன்ர அறிக்கையை ஆணியால அடிச்சது 1517, ஓவியர் வெர்மீர் பிறந்தது 1632, இப்பிடியே போய் கடைசி வரியில "1803 பண்டாரவன்னியன் வீரமரணம்" எண்டு இருக்கு.

இதிலதான் சிக்கல். பண்டாரவன்னியன் ஆங்கிலேயரோட சண்டை பிடிச்ச எங்கட வன்னி அரசன். வவுனியாவில அவற்ற சிலைக்கு மாலை போட்டு நினைவுநாள் செய்யிறது ஓகஸ்ட் 25. பிள்ளை என்னட்டக் கேக்குது, "ரீச்சர், ஒராள் ரெண்டு நாளில செத்திருக்கேலுமே?" எண்டு. எனக்கு உடன மறுமொழி சொல்லத் தெரியேல்ல, நாளைக்குச் சொல்லுறன் எண்டு அனுப்பிப்போட்டன். நான் படிப்பிக்கிறது கணக்கு, வரலாறு இல்லை. ஆனா எங்கட மண்ணில நடந்த ஒண்டை எங்கட பிள்ளை பிழையா வாசிக்கக் கூடாது. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கற்சிலைமடுக்காரன்:

ரீச்சர், பிள்ளை கேட்ட கேள்வி நல்ல கேள்வி, முதல்ல அவவுக்கு ஒரு சபாஷ் சொல்லுங்கோ. ரெண்டு திகதியும் சரி, ஆனா ரெண்டும் சாவு இல்லை.

ஓகஸ்ட் 25, 1803 முல்லைத்தீவுக் கோட்டையைப் பண்டாரவன்னியன்ர படை பிடிச்ச நாள். ஒல்லாந்தர் கட்டின கோட்டை அது, 1795இல ஆங்கிலேயர் எடுத்திட்டினம். அதுக்குப் பொறுப்பா இருந்தவர் கப்டன் வொன் டிறிபேர்க். வன்னியன்ர படை வந்து விழ ஆள் கடலால தப்பி யாழ்ப்பாணம் போட்டார், கோட்டையில இருந்த பீரங்கியளும் வன்னியன்ர கையில வந்திட்டுது. அதால அது வெற்றிநாள், அதைத்தான் நினைவுநாளாச் செய்யினம்.

ஒக்டோபர் 31 அதே டிறிபேர்க் திரும்பி வந்து கற்சிலைமடுவில அவரைத் தோற்கடிச்ச நாள். அதுக்குச் சாட்சி எங்கட ஊர்க் கல்லு. சின்னனில நாங்கள் மாடு சாய்க்கப் போற நேரம் அந்தக் கல்லடியில நிண்டு ஆங்கில எழுத்தை விரலால தடவித் தடவிக் கூட்டி வாசிப்பம், வெட்டுக்குள்ள மண்ணும் பாசியும் அடைஞ்சிருக்கும், ஈர்க்கால சுரண்டினாத்தான் எழுத்துத் தெரியும். அதில இருக்கிறது இவ்வளவுதான்: இவ்விடத்துக்குக் கிட்ட கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்டோபர் 1803. கொன்றார் எண்டு ஒரு சொல்லும் இல்லை. வெண்டவனைப் புகழ நட்ட கல்லு அது, கொன்றிருந்தா அதை வெட்டாமல் விட்டிருப்பினமோ? அதோட "இவ்விடத்தில்" எண்டும் இல்லை, "கிட்ட" எண்டுதான் இருக்கு.

ஆனபடியா பிள்ளை "வீரமரணம்" எண்டதை வெட்டிப்போட்டு "கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்ட நாள்" எண்டு வாசிக்கட்டும்.

முள்ளியவளை_மகள்:

கற்சிலைமடு அண்ணை சொன்னது சரி. நான் ஒண்டு சேர்க்கிறன், ஏன் அந்த வருசம் எண்டு பிள்ளையளுக்குச் சொன்னாத்தான் திகதி மனசில நிக்கும். 1803 வன்னியில மட்டும் நடந்த சண்டை இல்லை, அந்த வருசம்தான் ஆங்கிலேயர் கண்டிக்குப் படை எடுத்துப் போனவை, ஜூன் மாதம் கண்டியில அவையின்ர படை அப்பிடியே அழிஞ்சு போச்சு. அவை தளர்ந்துபோய் நிண்ட நேரம் பாத்துத்தான் ரெண்டு மாதத்தால முல்லைத்தீவில அடி விழுந்தது. அதுக்குப் பிறகு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை எண்டு மூண்டு பக்கத்தாலயும் படையைக் கொண்டுவந்துதான் வன்னியனை வளைச்சவை. ஓகஸ்ட் 25இல இருந்து ஒக்டோபர் 31 மட்டும் எண்ணிப் பாத்தா 67 நாள். ரீச்சர் கணக்கு ரீச்சர்தானே, அந்த 67 நாளைப் பிள்ளையைக் கொண்டே எண்ணுவியுங்கோ.

பண்டாரவன்னியனைக் காக்கை வன்னியன் எண்டவன் காட்டிக்குடுத்த கதையையும் பிள்ளை எழுதியிருக்கக் கூடும், அதை வாய்வழிக் கதை எண்டு சொல்லி வாசிக்கச் சொல்லுங்கோ. யாழ்ப்பாண அரசன் சங்கிலியனைப் பறங்கியரிட்ட, அதாவது போர்த்துக்கேயரிட்ட, காட்டிக்குடுத்த கதையிலயும் இதே பேர்தான் வருது, ரெண்டுக்கும் இடையில நூற்றியெண்பது வருசத்துக்கு மேல. கதை எங்கட சொத்து, அதை விடேலாது, ஆனா கல்லில வெட்டினதையும் கூத்தில படிச்சதையும் ஒரே வரியில போட்டுக் குழைக்கக் கூடாது எண்டுறது என்ர எண்ணம்.

நெற்கடை_தம்பி:

ரீச்சர் மற்ற வரியளிலயும் இதே பிழை இருக்கு. நான் இரவிரவா இருந்து பாத்தன், பாக்கப் பாக்க ஆசையாப் போச்சு.

வெர்மீர் 1632 ஒக்டோபர் 31 பிறக்கேல்ல, ஞானஸ்நானம் எடுத்த நாள் அது, தேவாலயப் பதிவில அதுதான் இருக்கு, பிறந்த நாள் எழுதி வைக்கப்படேல்ல. லூதர் ஆணி அடிச்ச கதையும் வரலாற்றாசிரியர்களுக்குள்ள இழுபறியான விசயம். அவர் அண்டைக்கு மைன்ஸ் பேராயருக்குக் கடிதம் எழுதி அந்த அறிக்கையில இருந்த 95 கருத்தையும் சேர்த்து அனுப்பினது உறுதி, கதவில அடிச்சது உறுதி இல்லை. 2000ஆம் ஆண்டு இதே நாள் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு முதல் குடியிருப்பாளர் மூண்டு பேர் வெளிக்கிட்டவை, அதைச் சில இடத்தில "போய்ச் சேர்ந்த நாள்" எண்டு போட்டிருக்கு, ரொக்கெட் ஏவினது 31, போய்ச் சேர்ந்தது நவம்பர் 2. அண்டையில இருந்து இண்டைவரைக்கும் மேல ஆள் இல்லாத நாளே இல்லை, இதைப் பிள்ளை கட்டாயம் வாசிக்க வேணும் ரீச்சர், பொடியள் வாயைப் பிளந்துகொண்டு கேப்பாங்கள். 2011 ஒக்டோபர் 31 உலக சனத்தொகை 700 கோடி ஆச்சு எண்டுறதும் ஐநா அடையாளத்துக்குக் குறிச்ச நாள், சரியா அண்டைக்கு அந்தப் பிள்ளை பிறந்தது எண்டு ஒருத்தராலயும் எண்ணேலாது.

பட்டேலுக்கும் கீட்ஸுக்கும் பொதுவா எல்லாரும் ஏத்துக்கொண்ட திகதி அதுதான், அப்பிடியே விடுங்கோ.

மாங்குளத்து_ஐயா:

இந்திரா காந்தி அம்மையாரின்ர விசயம் நான் சொல்லுறன், எனக்கு அந்த நாள் கண்ணுக்குள்ள நிக்குது. 1984, நான் அப்ப சங்கக்கடையில வேலை. காலமை டெல்லியில வீட்டு வளவுக்குள்ள நடந்துபோகேக்க அவவின்ர சொந்தப் பாதுகாப்புக்காரர் ரெண்டு பேர் சுட்டது. எங்களுக்கு றேடியோதான் எல்லாம். பிபிசி முதல்ல செத்திட்டா எண்டு சொல்லிப்போட்டுது, ஆகாசவாணி பின்னேரம்தான் சொன்னது, அதுமட்டும் சனம் சங்கக்கடை வாசலில பாண் வாங்க வந்ததுகள் பாணை மறந்துபோட்டு நிண்டதுகள். ஒரு கிழவி சாக்கில குந்தியிருந்து தன்ர பிள்ளை செத்தமாதிரி அழுதா. அந்தம்மா எங்களுக்கு ஏதும் செய்வா எண்டு நம்பியிருந்த காலம் அது. அண்டைக்குப் பின்னேரமே மகன் ராஜீவ் பிரதமரா எடுத்திட்டார்.

பிள்ளையின்ர வீட்டில அம்மம்மா அப்பப்பா ஆரும் இருந்தாக் கேட்டு எழுதச் சொல்லுங்கோ ரீச்சர். போனில வாறதை எல்லாப் பிள்ளையும் வாசிக்கும், இது அவவின்ர வீட்டில மட்டும் இருக்கிறது. ஒக்டோபர் 31 உலக சிக்கன நாளும், 1924இல மிலான் நகரத்தில தொடங்கினது. வங்கிக்காரர் பள்ளிக்கூடத்துக்கு உண்டியல் கொண்டு வாற நாள், அதையும் ஒரு வரி வாசிச்சா சின்னப் பிள்ளையளுக்கு விளங்கும்.

குளக்கட்டு_ரீச்சர்:

எல்லாருக்கும் மெத்தப் பெரிய உபகாரம். இண்டைக்குப் பிள்ளையைக் கூப்பிட்டு எல்லாத்தையும் இருத்திக் காட்டினன். தானே பேனை எடுத்து "வீரமரணம்" எண்டதை வெட்டி "தோற்கடிக்கப்பட்டார்" எண்டு எழுதினா, எழுதிப்போட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா, பிறகு "அப்ப அதுக்குப் பிறகு அவர் எங்க போனவர் ரீச்சர்?" எண்டு கேட்டா. வெர்மீருக்கு "ஞானஸ்நானம்" எண்டு மாத்தியாச்சு, லூதருக்குக் "கடிதம்". 67 நாளையும் கலண்டரில எண்ணி எழுதியிருக்கிறா. மூண்டு நிமிசத்துக்குள்ள வராது போல கிடக்கு, அதிபரிட்ட ஐஞ்சு நிமிசம் கேக்கப்போறன்.

கற்சிலைமடு அண்ணை, வாற சனிக்கிழமை எட்டாம் ஆண்டுப் பிள்ளையள் பதினொரு பேரையும் கூட்டிக்கொண்டு கல்லடிக்கு வாறம். காலமை ஒன்பது மணிக்கு நீங்கள் அங்க நிக்கேலுமோ?

கற்சிலைமடுக்காரன்:

நிப்பன் ரீச்சர். மழை இருட்டிக்கொண்டு வருது, பிள்ளையளைக் குடை கொண்டுவரச் சொல்லுங்கோ. ஈர்க்கு நான் கொண்டு வாறன்.