புதுப்பிப்பு: இறையியல் பட்டப்படிப்புக்காக நான் தேர்ந்த பாடங்கள்

பல்கலைக்கழகத்தில் இறையியல் படிக்க விரும்பும் எனக்குப் பள்ளியின் இறுதி ஆண்டுகளில் எந்தப் பாடங்கள் துணைசெய்யும் என்றும், வரலாற்றை விட்டுவிட்டு உளவியலை எடுக்கலாமா என்றும் முன்பு கேட்டிருந்தேன். இப்போது முடிவெடுத்துவிட்டேன்: சமயக் கல்வி, வரலாறு, இலக்கியம்.

வரலாற்றை விடவேண்டாம் என்று பலர் அழுத்திச் சொன்னதன் பொருள், 325ஆம் ஆண்டு நிசேயா நகரில் கூடிய திருச்சங்கத்தைப் (ஆயர்களின் பேரவையைப்) பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. மகனாகிய இயேசு தந்தையாகிய கடவுளோடு ஒரே பொருளானவரா என்ற விவாதத்தில், ஆம் என்ற அறிக்கை அங்கே உருவானது. ஆனால் அந்தச் சங்கத்தைக் கூட்டியவர் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் என்பதையும், திருச்சபையின் பிளவு அவருடைய ஆட்சிக்கே கவலையளித்தது என்பதையும் அறியாமல் அந்த விவாதத்தை முழுமையாகப் புரிந்துகொள்ள இயலாது.

இலக்கியத்தைத் தேர்ந்ததற்கு ஒரே ஒரு சொல்தான் காரணம். யோவான் நற்செய்தியின் முதல் வசனத்தில் வரும் ‘லோகோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லைத் தமிழ் விவிலியங்களுள் ஒன்று ‘வார்த்தை’ என்றும், மற்றொன்று ‘வாக்கு’ என்றும் பெயர்க்கின்றன. மூலச் சொல்லுக்கோ அறிவு, காரணம், விளக்கம் என்ற பொருள்களும் உண்டு. இரண்டு பதிப்புகளையும் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு, ஒரு மாலை முழுவதும் அந்த ஒரு வரியிலேயே நின்றேன். இப்படி நிதானமாக வாசிக்கும் பயிற்சியை இலக்கிய வகுப்பைவிடச் சிறப்பாக வேறெதுவும் தராது என்று உறுதியாக நம்புகிறேன்.

உளவியலை விட்டதில் வருத்தம் உண்டு. பள்ளியில் சமயக் கல்வி படித்திருப்பதைக் கட்டாயமாக்காத இறையியல் துறைகளும் இருப்பதால், பாடங்களைத் தேர்வதற்கு முன் சேர்க்கை விதிகளை நேரடியாகப் பார்த்துவிடுவது நல்லது. விவிலியத்தின் மூலமொழிகளான கிரேக்கமும் எபிரேயமும் பள்ளியில் இல்லையே என்ற என் பழைய கவலையும் தீர்ந்தது. பல பல்கலைக்கழகங்கள் அவற்றை அரிச்சுவடியிலிருந்தே கற்பிக்கின்றன. ஆயினும் வரும் விடுமுறையில் கிரேக்க எழுத்துகளை எழுதிப் பழகத் தொடங்கப்போகிறேன்.