நிலக்காட்சிக்கு மதிப்பெண் போடக் கற்றுத்தரலாமா?
(களக்குறிப்பு, செம்மண், அளவுகோல் என்ற புனைபெயர்களில் மூவரின் உரையாடல்)

களக்குறிப்பு:
புவியியல் முதலாண்டுக் களப்பணிக்கு இருமுனை மதிப்பெண் தாளே போதும் என்பது என் கருத்து. இரைச்சல்/அமைதி, குப்பை/தூய்மை, ஒரே சாயல்/பலவகை என்று எட்டு இணைகள்; ஒவ்வொன்றுக்கும் −3 முதல் +3 வரை. ஓர் இடத்தில் நின்று நான்கு திசையும் பார்த்து, 5 நிமிடம் யாரோடும் பேசாமல், அவரவர் தாளில் குறிக்கட்டும். பிறகு கூட்டிச் சராசரி. தாள் இல்லாமல் அனுப்பினால் "நன்றாக இருந்தது" என்பதைத் தாண்டி ஒரு வரி வராது.

செம்மண்:
கோளாறே அந்தச் சராசரியில்தான். காற்றாலைகள் நிற்கும் குன்றுக்குப் பாதிப் பேர் +3, பாதிப் பேர் −3 போட்டால் சராசரி 0. எல்லாரும் 0 போட்ட வெறும் வயலுக்கும் 0. ஓரிடத்தில் கடும் கருத்து வேறுபாடு, இன்னோரிடத்தில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. உங்கள் அட்டவணையில் இரண்டும் ஒன்று! இடைநிலை அளவும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) வீச்சும் (மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள இடைவெளி) சேர்த்து எழுதினால்தான் உண்மை தெரியும்.

இன்னொன்று, அளவுகோலே ஒரு தீர்ப்புதான். 1968-இல் புவியியலாளர் லிண்டன் ஸ்காட்லாந்தின் நிலக்காட்சிகளை மதிப்பிட வகுத்த முறையில் மலைக்கு 8, தாழ்நிலத்துக்கு 0, தொடர்காட்டுக்கு −2, நகரத்துக்கு −5. ஆக, சமவெளிக் காடு யாரும் போய்ப் பார்க்கும் முன்பே −2 வாங்கிவிடுகிறது.

களக்குறிப்பு:
அந்த −2-ஐ அவர் எழுதிவைத்ததால்தானே இன்று நாம் அதை மறுக்க முடிகிறது? வருணனைக் கட்டுரையில் அதே விருப்புவெறுப்பு அடைமொழிகளுக்குள் ஒளிந்துகொள்ளும். எண்ணைப் பிடித்துக் கேள்வி கேட்கலாம். இடைநிலை அளவு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன்.

செம்மண்:
அப்படியானால் அளவுகோலை மாணவர்களே செய்யட்டும். முதலில் 15 நிமிடம் களச் சித்திரம்: அருகு, நடு, தொலைவு என்று தாளை மூன்று பட்டையாகப் பிரித்து, கண்ணில் படுவதற்கெல்லாம் பெயர் எழுதவேண்டும். அதிலிருந்து சொற்கள், சொற்களிலிருந்து இணைகள். ஆயத்தத் தாளில் "இயற்கையானது/அசுத்தமானது" போன்ற இணைகளைப் பார்க்கிறோம். அவை எதிர்ச்சொற்களே அல்ல. தளம் பாவிய சுத்தமான சதுக்கத்தை எங்கே வைப்பது? குழம்பிப்போய் 0 போடுவார்கள்.

அளவுகோல்:
இருவரும் விட்ட ஒன்று: வரிசை. பத்து இடங்கள் நடந்தால் கடைசி இரண்டு இடங்களின் மதிப்பெண்ணில் களைப்பும் வெயிலும் கலந்துவிடும். பாதிக் குழுவைத் தலைகீழ் வரிசையில் அனுப்புங்கள். கிளம்பும் முன் நான்கு படங்களுக்கு மதிப்பெண் போடவைத்துப் பேசினால் +2 என்றால் என்ன என்பதில் ஓரளவு ஒற்றுமை வரும். படத்தைப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அகலக் கோண லென்ஸ் மலையைத் தள்ளிவைத்துச் சிறிதாக்கும், மின்கம்பி மறைந்துபோகும், ஓசையும் நாற்றமும் படத்தில் ஏறா.

ஓர் இணையில் வீச்சு 4-ஐத் தாண்டினால் அதை நீக்காதீர்கள். "எதைப் பார்த்துப் போட்டாய்?" என்று கேளுங்கள். ஒருவர் ஆற்று நீரைப் பார்த்திருப்பார், மற்றவர் கரையில் கிடந்த நெகிழிப் பையை. பாடம் அங்கேதான் இருக்கிறது.

களக்குறிப்பு:
தலைகீழ் வரிசை நல்ல யோசனை. ஆனால் குழுவுக்கொரு அளவுகோல் என்றால் ஒப்பிடவே முடியாது. ஆறு இணைகள் எல்லாருக்கும் பொது, இரண்டு அவரவருடையது என்று வைக்கலாம்.

செம்மண்:
சம்மதம், அந்த இரண்டையும் மொத்தத்தில் கூட்டாமல் இருந்தால். சொல்லப்போனால் மொத்தமே வேண்டாம். இரைச்சலுக்கு −3, பலவகைக்கு +3 வாங்கிய இடத்தை "சுமார்" என்று ஒரே எண்ணில் அடைப்பது அநியாயம். இணைவாரியாகக் கோட்டு வரைபடம் போட்டால் அந்த மேடுபள்ளம் அப்படியே தெரியும்.