அவுன்ஸ், பவுண்ட், ஸ்டோன், அந்தர்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

வடமேற்கு லண்டனில் பிரசவ வார்டில் உதவியாளராக இருக்கிறேன். பிள்ளை பிறந்ததும் நாங்கள் நிறுப்பது கிலோவில். சிவப்பு அட்டை போட்ட பதிவுப் புத்தகத்தில் எழுதுவதும் கிலோவில்தான். ஆனால் வீட்டுக்குப் போன் எடுத்தால் முதல் கேள்வி, "எத்தனை பவுண்ட், எத்தனை அவுன்ஸ்?" ஆங்கிலேயப் பாட்டிமார் மட்டுமில்லை, இங்கே வளர்ந்த எங்கட பிள்ளைகளும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

போன கிழமை ஒரு தகப்பன் 3.4 கிலோவைப் போனில் மாற்றிப் பார்த்தார். 7.5 பவுண்ட் என்று வந்தது. உடனே அம்மம்மாவுக்கு "ஏழு பவுண்ட் ஐந்து அவுன்ஸ்" என்று சொல்லிவிட்டார். ஒரு பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸ் அல்லவா? அரைப் பவுண்ட் என்றால் எட்டு அவுன்ஸ். பிள்ளை ஏழு பவுண்ட் எட்டு அவுன்ஸ். மூன்று அவுன்ஸ், அதாவது 85 கிராம், வாய்ப்பேச்சிலேயே காணாமல் போய்விட்டது.

இதை நான் பெரிதாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. பிறந்த முதல் சில நாட்களில் பிள்ளைகள் கொஞ்சம் எடை குறைவது வழமை; எவ்வளவு குறைந்தது என்பதைத்தான் கவனிக்கிறோம். இந்தப் பிள்ளை ஐந்தாம் நாள் 3.2 கிலோ நின்றால் அது ஏழு பவுண்ட் ஒரு அவுன்ஸ். வீட்டார் மனதில் இருக்கும் கணக்குப்படி குறைந்திருப்பது நான்கு அவுன்ஸ், உண்மையில் ஏழு. பால் போதுமா என்று யோசிக்க வேண்டிய நேரத்தில் பிழையான எண் யாரையும் நிம்மதியாக வைத்திருக்கக் கூடாது. புள்ளிக்குப் பின்னால் வருவதைப் பதினாறால் பெருக்குங்கள். அப்பதான் அவுன்ஸ் வரும்.

உங்கள் ஊரில் எப்படி?

—

நான் ஹூஸ்டன்ல பழைய இரும்பு வாங்கி விற்கிற யார்டுல பில்லிங் பார்க்கிறேன். எடைமேடைச் சீட்டு பவுண்டுல வரும், விலை டன்னுல பேசுவாங்க. எந்த டன்னுங்கிறதுதான் விஷயம். அமெரிக்காவுல சாதாரணமா டன்னுன்னா 2,000 பவுண்ட். ஆனா இரும்புக் கழிவு வியாபாரத்துல இன்னும் பழைய பிரிட்டிஷ் டன்தான், 2,240 பவுண்ட்; கிராஸ் டன்னுன்னு சொல்வாங்க. ஒரு லாரியில 44,800 பவுண்ட் சரக்கு இருந்தா ஒரு கணக்குல 22.4 டன், இன்னொரு கணக்குல சரியா 20. புதுசா வந்த ஒருத்தர் கிராஸ் டன் விலையை 22.4ஆல பெருக்கி பில் போட்டிருந்தாரு. அனுப்புறதுக்கு முன்னாடி கண்ணுல பட்டது. அன்னையிலேர்ந்து எங்க பில்லுல டன்னுக்குப் பக்கத்துல பவுண்டையும் போட்டே ஆகணும்னு வச்சிருக்கோம்.

—

ஸ்காபரோவிலிருந்து. தெரிந்த அக்கா ஒருவர் மகளின் கல்யாணத்துக்கென்று மேப்பிள் லீஃப் தங்க நாணயம் வாங்கினார். அதிலே ஒரு அவுன்ஸ் என்று பொறித்திருக்கிறது. வீட்டில் கேக் மா நிறுக்கும் தராசை அவுன்ஸுக்கு மாற்றி வைத்துப் பார்த்தால் 1.1 காட்டுகிறது! கூட இருந்தால் போலி என்று யாரோ பயப்படுத்தி, அவருக்கு ராத்திரி நித்திரை இல்லை. நாணயத்தில் பிழையில்லை, தராசிலும் பிழையில்லை. தங்கம் வெள்ளிக்கு ட்ராய் அவுன்ஸ், 31.1 கிராம். மாவுக்கும் இறைச்சிக்கும் இருக்கிற அவுன்ஸ் 28.35 கிராம். அதே தராசைக் கிராமுக்கு மாற்றினோம், 31 என்று நின்றது. அதற்குப் பிறகுதான் அக்கா தேத்தண்ணி குடித்தார். தங்கம் என்றால் கிராமில் நிறுங்கள், வேறு வழி பார்க்காதீர்கள்.

—

டப்ளினில் இருக்கிறேன். ஜிம்மில் எல்லாரும் ஸ்டோன் கணக்குத்தான். 11.6 ஸ்டோன் என்றால் 11 ஸ்டோன் 6 பவுண்ட் இல்லை. ஒரு ஸ்டோனுக்கு 14 பவுண்ட், அதனால் எட்டுக்கு மேலே வரும். முதலாவது தம்பி சொன்ன அதே கதை.

—

நான் கிளிநொச்சி. அப்பப்பாவின் வெங்காயக் கணக்குக் கொப்பி எங்களிடம் இருக்கிறது, மை மங்கி, ஓரம் கறையான் தின்றது. ஒரு பக்கத்தில் "12 – 3 – 20" என்று மூன்று நிரல். வயது போன ஒரு வியாபாரியிடம் காட்டினேன், பார்த்த உடனே வாசித்தார்: பன்னிரண்டு அந்தர், மூன்று கால், இருபது றாத்தல் (றாத்தல் என்றால் பவுண்ட்தான்). அந்தர் 112 றாத்தல், கால் அந்தர் 28. ஆக 1344, 84, 20. மொத்தம் 1448 றாத்தல். இன்றைய கணக்கில் 657 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இப்ப 50 கிலோ மூட்டையைத்தான் அந்தர் என்கிறோம். பழைய அந்தர் 50.8 கிலோ. நாற்பது மூட்டை என்றால் 32 கிலோ வித்தியாசம், அது ஒரு சின்ன விவசாயிக்குக் காசு.

கீழே கூட்டியிருக்கிற விதத்தைப் பார்த்து அசந்துபோனேன். றாத்தல் 28ஐத் தாண்டினால் காலுக்கு ஒன்று, கால் நான்கானால் அந்தருக்கு ஒன்று. ஒரு வெட்டுக்கூட இல்லை.

—

லண்டனிலிருந்து மறுபடியும். போன் இல்லாமல் மாற்றுவது எப்படி என்று ஒரு தங்கச்சி தனியாகக் கேட்டிருந்தார். கிலோவை இரண்டால் பெருக்குங்கள், வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 3.4 கிலோ என்றால் 6.8, அதோடு 0.68, ஆக 7.48 பவுண்ட். ஏழைத் தனியாக வையுங்கள்; 0.48ஐப் பதினாறால் பெருக்கினால் 7.7, எட்டு அவுன்ஸ் என்று எடுக்கலாம். புத்தகத்தில் மட்டும் கிலோவையே எழுதுங்கள்.