ப்ளீக்லோ உச்சி: சேற்றிலும் மூடுபனியிலும் எப்படி நடப்பது? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

ப்ளீக்லோ ஹெட் உச்சியின் உயரம் 633 மீட்டர்தான். இங்கிலாந்தின் டெர்பிஷையரில், ஸ்நேக் பாஸ் சாலையே 510 மீட்டர் வரை ஏற்றிவிடும். அங்கிருந்து பென்னைன் வே என்ற நெடுந்தூர நடைபாதையில் சுமார் 4 கி.மீ. “இவ்வளவுதானா” என்று கிளம்புகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். கூம்பான உச்சி கிடையாது. பரந்த பீட் மண் (மட்கிய செடிகளாலான ஈரக் கருமண்), அதை அறுத்தோடும் ஆள் உயர வாய்க்கால்கள். உள்ளூரில் அவற்றுக்கு ‘க்ரஃப்’ என்று பெயர். இறங்கினால் வானம் மட்டும் தெரியும்.

கல்பலகை பாவிய பாதை உச்சிவரை வராது. ஹெர்ன் க்ளஃப் ஓடையை ஒட்டிப் போய், அதன் தலைப்பில் ஓடையை விட்டு விலகும் இடத்தில்தான் மூடுபனியில் தப்பு நடக்கும். காம்பஸ் பாகை சரியாகவே இருக்கும். எல்லா க்ரஃபையும் ஒரே பக்கமாகச் சுற்றியதால் ஆள் தள்ளிப்போயிருப்பார். ஒன்றை இடப்பக்கம் சுற்றினால் அடுத்ததை வலப்பக்கம் சுற்றுங்கள். இறங்குமுன் எதிர்க்கரையில் ஒரு கல்லையோ புல்திட்டையோ குறி வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தை அளக்கக் காலடி எண்ணுவது இங்கே வேலைக்காகாது.

—

நிறத்தைப் பார்த்துக் கால் வையுங்கள். பளிச்சென்ற பச்சைப் பாசி என்றால் அடியில் தண்ணீர். வெள்ளைப் பஞ்சுப்புல்லும் ஈரம்தான். ஹெதர் புதர் ஓரளவு தாங்கும்.

முழங்கால்வரை புதைந்தால் காலை வெடுக்கென்று இழுக்காதீர்கள். சேறு உறிஞ்சிப் பிடித்து ஷூவைக் கழற்றி வைத்துக்கொள்ளும். பின்பக்கமாகச் சாய்ந்து உட்காருங்கள், நனைந்தால் நனையட்டும். குதிகாலை மெல்ல ஆட்டினால் பக்கவாட்டில் தண்ணீர் இறங்கிப் பிடி தளரும். பிறகு காலை வந்த திசையிலேயே எடுக்க வேண்டும். ஊன்றி நடக்கும் கம்பின் நுனியில் அகல வளையம் இல்லாவிட்டால் அதுவும் உள்ளே போய்விடும்.

—

மேலே சொன்னதோடு ஒன்று. க்ரஃபின் அடித்தளம் சில இடங்களில் மணலும் சரளையுமாகக் கெட்டியாக இருக்கும். அதிலேயே நடக்கலாம் என்பது பழைய யோசனை. 2003-இல் பெருந்தீ எரித்த பிறகு மறுசீரமைப்பு நடந்து, பல க்ரஃப்களில் கல்லும் மரமும் வைத்துத் தடுப்பணை போட்டுவிட்டார்கள். பின்னால் தேங்கும் குட்டையின் ஆழம் மேலிருந்து தெரியாது. கம்பை விட்டுப் பாருங்கள். வெறும் கருமண் என்று பழைய கையேடுகள் எழுதிய இடங்கள் பல இன்று புல்வெளி. அவற்றை அடையாளமாக நம்பாதீர்கள்.

—

பலர் பாதையை விட்டு விலகுவது ஹையர் ஷெல்ஃப் ஸ்டோன்ஸ் பக்கம் கிடக்கும் பி-29 விமானச் சிதைவைப் பார்க்க. 1948 நவம்பர் 3 அன்று விழுந்தது, அதிலிருந்த 13 பேரும் இறந்தார்கள். ஒரு துண்டும் எடுக்காதீர்கள். புறப்படுமுன் திரும்பும் பாகையை எழுதிக்கொள்ளுங்கள். குளிரில் போன் சார்ஜ் சட்டென்று இறங்கும், ஈர விரலுக்குத் திரையும் மசியாது. உதவி வேண்டுமானால் நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

வீடு வந்ததும் ஷூவை அன்றைக்கே கழுவுங்கள். பீட் அமிலத்தன்மை உள்ளது, தோலை வெடிக்க வைக்கும். ஹீட்டர் மேல் வைக்காமல் செய்தித்தாள் திணித்துக் காயவிடுங்கள்.