ஆத்தாவின் ஈறும் லேசரும்

(வளவு வீட்டுக் குழு, இரவு 8.10)

முத்து (காரைக்குடி): ஆத்தாவுக்கு ஈறில் ரத்தம் நிற்கவில்லை. இன்று பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். லேசர் வைத்தால் கத்தியும் வேண்டாம், தையலும் வேண்டாமாம். ஒரே தடவையில் சரியாகுமாம். 40,000 ரூபாய். கட்டிவிடவா?

உமை (தேவகோட்டை): கட்டு. ஆத்தா பல்லைவிடப் பணமா பெரிது?

வள்ளி (பெங்களூரு): அண்ணே, பொறுங்கள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே குழி எத்தனை மி.மீ. என்று அளந்தார்களா? எக்ஸ்ரே?

முத்து: இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தார், லேசர் என்றார்.

வள்ளி: நல்லா இருக்கு! 3 மி.மீ. வரை பயமில்லை. 5, 6 என்றால் உள்ளே வேரில் காரை, அதாவது கல்லாக இறுகிய அழுக்கு, படிந்திருக்கும். முதலில் அதைச் சுரண்ட வேண்டும். இங்கே பெரும்பாலும் வைத்திருப்பது டயோடு லேசர், அது காரையைப் பெயர்க்காது. அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்காமல் வெந்நீர் ஊற்றிக் கவிழ்த்த கதைதான்.

உமை: அப்போது லேசர் ஏமாற்றா?

வள்ளி: அப்படிச் சொல்லவில்லை ஆச்சி. வெட்டும்போது ரத்தம் குறைவாகப் போகும், அது நிஜம். ஆனால் ஆழமாகச் சுத்தம் செய்தபின் லேசரும் சேர்த்தால் கிடைக்கும் கூடுதல் பலன் 1 மி.மீ.கூட இல்லை. அமெரிக்க ஈறு மருத்துவர்கள் அமைப்பே 2018-இல் ஆய்வுகளை அலசிச் சொன்னது. நான் இந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன், அந்த 40,000 இப்போது வேண்டாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) எவ்வளவு?

முத்து: 9.1 சதவீதம்.

வள்ளி: அடடா. இதை வைத்துக்கொண்டு எந்தக் கருவி பிடித்தாலும் ஈறு ஆறச் சுணங்கும். மறுபக்கமும் உண்டு, ஈறு ஆறினால் இந்தச் சர்க்கரை அளவும் 0.4 போல இறங்கலாம். புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போங்கள். அளந்து, சுத்தம் செய்து, இரண்டு மாதம் கழித்து மறுபடி அளக்கட்டும். அப்புறமும் ஆழம் குறையாத இடத்துக்கு மட்டும் அறுவையா லேசரா என்று பேசலாம்.

ஆத்தா: லேசரோ கீசரோ. ஐப்பசிக் கல்யாணத்துக்கு மணகோலப் பலகாரம் சுட்டால் நான் கடித்துப் பார்த்துத்தான் பக்குவம் சொல்ல வேண்டும். அதற்குள் முடியுமா?

வள்ளி: முடியும் ஆத்தா. புகையிலையை விட்டால்.

உமை: வெற்றிலைப் பெட்டியை யார் ஒளித்து வைப்பது?

முத்து: நான் மாட்டேன்.

ஆத்தா: எந்தப் பெட்டி?