ரிகம்பன்ட் சைக்கிளை (சாய்ந்து உட்கார்ந்து, கால்களை முன்னே நீட்டி மிதிப்பது) பாகம் பாகமாகப் பூட்டிய அனுபவம்: எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள்?

அரைச்செயின்
எல்லாம் பூட்டியாகிவிட்டது. இடது பெடலுக்கு எதிர்மரை என்பதுகூட நினைவிருந்தது. மிதித்தால் மட்டும் மாவு மில் ஓடுவதுபோல ஓர் உறுமல். நீளச் செயினைத் தாங்கி வழிநடத்தும் ஐட்லர் கப்பிதான் காரணம் என்று இரண்டு முறை கழற்றினேன், பேரிங்கை மாற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் கியர் மாற்றியின் கூண்டில், இரண்டு குட்டிப் பற்சக்கரங்களுக்கு நடுவே நகம் அளவுக்கு ஒரு தகடு இருக்குமே, செயின் அதன் தவறான பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. தகட்டின் கறுப்புப் பூச்சு போய், வெள்ளி வெளேரென்று ஒரு பள்ளம். மூன்றரை மீட்டர் செயின் முழுவதையும் உருவி, மறுபடி அதை மூடும் பிளாஸ்டிக் குழாய்க்குள் கோத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று.

பழைய ஸ்பேனர்
முழுவதையும் ஏன் உருவினீர்கள் தம்பி? இணைப்புக் கண்ணியைப் பின் சக்கரத்துக்கு அருகே சுற்றிக் கொண்டுவந்து திறந்தால், இரண்டு சாண் உருவினால் போதுமே.

என் கதை சிறியது. செயின் குழாயின் நுனியை விரித்துவிடாமல் மாட்டினேன். ஒரே வாரத்தில் செயின் அதை அரம்போல ராவி, மடியெல்லாம் பிளாஸ்டிக் தூள்.

புதிதாகப் பூட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன். செயினை முதலில் வெட்டாதீர்கள். பெடல்களைத் தாங்கும் முன்குழாயை உங்கள் காலுக்குச் சரியாக வைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். முன்குழாய் ஒரு சென்டிமீட்டர் முன்னே போனால் செயின் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகக் கேட்கும். போகும் வரி, வரும் வரி இரண்டும் நீள்கின்றன அல்லவா? சாதாரணச் செயின் இரண்டரை வேண்டியிருக்கும். ஒன்றோடொன்று இணைக்கும் செயின்கள் எல்லாம் ஒரே வகையாக இருக்கட்டும். ஒன்பது கியர்ச் செயினுக்குப் பத்து கியர் இணைப்புக் கண்ணி பொருந்தாது. செயின் குழாயின் நுனியைச் சூடாக்கி விரிக்கும்போது வாசலில் உட்கார்ந்து செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல.

முட்டிவலி
யாரும் கேட்காத பாடம் முடிந்ததா ஐயா? முன்குழாயைச் சரியாக வைத்த பிறகு அது அங்கேயே நிற்க வேண்டுமே! துருப்பிடிக்கும் என்று பயந்து நான் குழாய் முழுக்க கிரீஸ் தடவியிருந்தேன். மேம்பாலம் ஏறும்போது ஓங்கி மிதித்தேன். கண்ணெதிரே இரண்டு பெடல்களும் கிராங்கோடு சேர்ந்து மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தன. சாலைதான் சாய்கிறது என்று நினைத்து உடம்பை மறுபக்கம் வளைத்தேன்! பின்னால் பஸ் ஹாரன். இறங்கிப் பார்த்தால் குழாய் திரும்பியதோடு ஒரு விரற்கடை உள்ளேயும் போயிருந்தது. கிரீஸைத் துடைத்து, பிடிமானப் பசை தடவி, ரசமட்டம் வைத்து நேராக்கி இறுக்கினேன். இந்த வண்டிக்கு மேடு ஒத்துவராது. பந்தயங்களில் 1934இல் தடை செய்தது சும்மாவா?

உட்ரெக்ட்வாசி
தடைக்கும் மேட்டுக்கும் என்ன சம்பந்தம்? 1914இல் பந்தய வீரர் ஆஸ்கர் எக் சாதாரண சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் ஓட்டிய தூரம் 44.247 கிலோமீட்டர். 1933இல் ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர், மோஷே என்பவர் வடிவமைத்த சாய்வு சைக்கிளில் 45.055 ஓட்டிவிட்டார். அதன் பிறகுதான் தடை. வேகமாகப் போனதற்குத் தண்டனை, அவ்வளவுதான். உங்கள் கிரீஸுக்கு வண்டியைப் பழிக்காதீர்கள்.

என்னை இன்றும் உறுத்துவது டயர். கடையில் ‘இருபது அங்குலம்’ என்று கேட்டேன், இருபது அங்குலமே கொடுத்தார்கள். டயரைத் தூக்கும் நெம்புகோல் மூன்று உடைந்தன, ரிம்மில் ஏறவில்லை. பக்கவாட்டு எழுத்தைப் பிறகுதான் படித்தேன். டயர் 406, ரிம் 451. இரண்டுக்கும் பெயர் இருபது அங்குலம்! விட்டத்தில் 45 மில்லிமீட்டர் வித்தியாசம். உடைந்த நெம்புகோலை இன்னும் தூக்கிப் போடவில்லை.

அரைச்செயின்
பழைய ஸ்பேனர் ஐயா, நீங்கள் சொன்னதைச் செய்யத்தான் பார்த்தேன். இணைப்புக் கண்ணி முன்னால் இருக்கும்போதே திறந்துவிட்டேன். கை நழுவியது. செயின் முழுவதும் சாரைப்பாம்புபோலச் சரசரவென்று குழாய்களைவிட்டு இறங்கித் தரையில் சுருண்டது. ‘உருவினேன்’ என்று எழுதியது என் மரியாதைக்காக.